ஸ்கூட்டர் இழுக்கவில்லையா? இடப்பக்க மூடியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் காப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களோடு ஸ்கூட்டர்களும் இப்போது நிறைய ஓடுகின்றன. காப்சாயில் சங்கிலியும் பல்சக்கரமும் பெரும்பாலும் எட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்கும். ஸ்கூட்டரிலோ எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் சிவிடி முழுவதும் இடப்பக்க மூடிக்குள் மறைந்திருக்கிறது. அதனால் வண்டி இழுக்கவில்லை என்றவுடன் பலர் பெல்ட்டையும் ரோலரையும் சேர்த்து வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தால் பணம் போனதுதான் மிச்சம். எந்த வேகத்தில், எந்த நிலையில் குறை தெரிகிறது என்பதை முதலில் கவனித்தால், திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் முன்புல்லிக்குள் பெரும்பாலும் ஆறு ரோலர்கள் இருக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட அவை வெளிப்புறமாக நகர்ந்து, புல்லியின் அசையும் தட்டை நெருக்கித் தள்ளுவதால், பெல்ட் முன்னே மேலேறுகிறது. அதே நேரத்தில் பின்புல்லி விரிந்து பெல்ட்டை உள்ளே இறங்க விடுகிறது; கியர் மாறுவதற்கு ஈடான வேலை இதுவே. பின்புல்லியின் பெரிய ஸ்பிரிங் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்புல்லியோடு சுழலும் கிளட்ச் ஷூக்கள் விரிந்து, அவற்றைச் சுற்றியுள்ள கிண்ணத்தைப் பற்றியதும் சுழற்சி இறுதிக் கியருக்கும், அங்கிருந்து சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது.

முதலில் எஞ்சினையும் சிவிடியையும் பிரித்தறிய வேண்டும். திராட்டலைத் திருகியும் எஞ்சின் சத்தமே உயரவில்லை என்றால் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஆகியவற்றைப் பாருங்கள். சிவிடியைத் தொட வேண்டாம். சத்தம் உயர்ந்தும் வேகம் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மூடிக்குள்தான் இருக்கிறது. பிரேக் உரசினாலும் வண்டி இழுக்காது என்பதால், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பது நல்லது. அப்போதே கரகரவென்ற ஓசை வந்தால் சக்கரத்தின் பேரிங் அல்லது இறுதிக் கியரின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

புறப்படும்போது மட்டும் வண்டி நடுங்கி, ஓடத் தொடங்கியதும் சரியாகிவிட்டால், கிளட்ச் ஷூ பளபளப்பாகிவிட்டது அல்லது கிண்ணத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். திராட்டலைத் தொடாமலேயே வண்டி முன்னே நகர்ந்தால், ஐடில் வேகம் அதிகமாக இருக்கலாம் அல்லது கிளட்சின் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் சத்தம் தாழ்ந்து திணறினால் ரோலர்களையும், அசையும் தட்டையும், பின்புல்லியின் பெரிய ஸ்பிரிங்கையும் சந்தேகியுங்கள். தட்டையான சாலையில் முன்பு எட்டிய உச்ச வேகத்தை இப்போது எட்ட முடியாவிட்டால், பெல்ட் அகலம் குறைந்து மெலிந்திருக்கக்கூடும். எஞ்சின் இரைந்தும் வண்டி அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் அறுந்துவிட்டது.

தோட்டத்து வண்டிகளுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் செம்மண் பாதையின் பள்ளங்களைக் கடக்கும்போது சிவிடியின் காற்றுத் துளை வழியாக நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். காய்ந்ததும் வண்டி பழையபடி ஓடுவதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் நீரோடு வந்த மண் உள்ளேயே தங்கி, பெல்ட்டையும் புல்லியின் முகத்தையும் நாளுக்கு நாள் அரிக்கிறது. வெள்ளநீரில் இறங்கிய வண்டியின் மூடியை அந்த வாரத்திலேயே திறந்து சுத்தம் செய்துவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. கியர் எண்ணெயையும் உடனே பாருங்கள். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. இந்த எண்ணெய் பெரும்பாலான சிறு ஸ்கூட்டர்களில் 100 முதல் 120 மில்லிலிட்டர்தான் என்பதால் மாற்றுவதற்குச் செலவு குறைவு. வண்டியின் கையேடு சொல்லும் வகையையும் அளவையுமே ஊற்றுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் வெளிப்புறச் சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். திருகாணிகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தால் பிறகு தடுமாற்றம் வராது. உள்ளே படிந்த கருந்தூளை வாயாலோ கம்பிரசர் காற்றாலோ ஊதாமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முன்புல்லியின் நட்டைக் கழற்ற அதற்குரிய பிடிகருவியே வேண்டும். விசிறி இதழ்களுக்கிடையே ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நிறுத்தினால் இதழ் உடைந்துவிடும்.

பெல்ட்டைப் பின்னோக்கி வளைத்து, பற்களின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதன் அகலத்தை வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளந்து, கையேட்டிலுள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். பல கையேடுகள் 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றச் சொல்கின்றன என்றாலும், இருவர் ஏறி, கேஸ் தோங்கும் (சிலிண்டர்) சுமந்து மண்பாதையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே அளந்து பார்ப்பது அவசியம். ரோலர் ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையே உருட்டுங்கள். ஓரிடம் தட்டையாக விரலுக்குத் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டும். ஏற்றத்தில் துள்ளும் என்று எடை குறைந்த ரோலர் போடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் எப்போதும் கூடுதல் வேகத்தில் சுழன்று பெட்ரோலைக் குடிக்கும் என்பதால், அன்றாட வேலைக்குப் போகும் வண்டிக்கு நிறுவனம் வைத்த எடையே ஏற்றது.

பளபளப்பான கிளட்ச் ஷூவை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஷூக்களைப் பின்புல்லியோடு பிடித்திருக்கும் நடுவிலுள்ள பெரிய நட்டைக் கருவியின்றிக் கழற்றவே கூடாது. அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் முகத்தை நோக்கித் தெறிக்கும் என்பதால், அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாதவர்கள் அந்த வேலையைப் பட்டறையில் விடுவதே சரி. உள்ளே எண்ணெய் கசிந்திருந்தால் முதலில் எந்த சீல் கசிகிறது என்று கண்டுபிடித்து மாற்றுங்கள். அதைச் செய்யாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் விரைவில் வழுக்கும்.

பூட்டும்போது நேரும் பிழைதான் மிகப் பெரிய சேதத்தைத் தருகிறது. புல்லியின் முகங்களில் கிரீஸ் பிசுபிசுப்பு சிறிதும் இருக்கக்கூடாது. கையேடு சொன்னாலன்றி ரோலரிலும் கிரீஸ் இட வேண்டாம். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையை நோக்க வேண்டும். பின்புல்லியைக் கைகளால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை இறக்கிவிட்டால் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து நிற்கும். அப்படி இறக்காமல் முன்தட்டை (முன்புல்லியின் வெளித்தட்டு) பூட்டினால், அந்தத் தட்டுக்கும் புல்லியின் நடுவிலுள்ள குழலுக்கும் இடையே பெல்ட் நசுங்கி, நட்டு இறுகிவிட்டதுபோல் தோன்றும். வண்டி ஓடியதும் பெல்ட் நகர, நட்டு தளர்ந்து, புல்லி மாட்டியிருக்கும் எஞ்சின் தண்டின் பள்ளங்கள் தேய்ந்து, முன்தட்டும் பாழாகும். ஆகவே நட்டைப் போடுவதற்கு முன் தண்டின் பள்ளங்கள் தட்டின் துளைக்குள் முழுமையாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். காற்றில் இயங்கும் நட்டு இறுக்கும் துப்பாக்கியைத் தவிர்த்து, கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பிறகு பின்புல்லியைக் கையால் சில முறை சுழற்றினால் பெல்ட் மேலேறித் தன் இடத்தில் அமரும். மூடியைப் பூட்டாமல் எஞ்சினை இயக்காதீர்கள். மூடியபின் நடு ஸ்டாண்டில் நிறுத்தி இயக்கி, உரசும் ஓசை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதலில் ஆள்நடமாட்டம் குறைந்த தோட்டச் சாலையில் தனியாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் மூடியின் விளிம்பிலும் கியர்ப் பெட்டியின் அடியிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலைக்கு வண்டியை எடுக்கலாம்.