பூனைக்கு முடி வாரும்போது பிராண்டல் வாங்காம தப்பிக்கது எப்படி

பூனைக்கு முடி வாரிவிடுத கேம் பாக்கதுக்கு சின்னப்புள்ளைக கேம் மாதிரி இருக்கும், குண்டு கன்னம், பெரிய கண்ணு, பின்னால பைய ஒரு மியூசிக், ஆனா ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நெஞ்சு படபடங்கும். பிரவுசர்லயே ஓடும், இன்ஸ்டால் பண்ணுத சோலி இல்ல. மவுஸை அமுக்கிப் பிடிச்சா சீப்பு ஓடும் ஸ்கோர் ஏறும், பூனை கோவத்துல கை ஓங்கும் முன்ன விட்டுரணும்.

எல்லாரும் இத விரல் வேகம்னு நினைச்சுக்கிட்டு இருக்காவ. அது இல்ல மக்கா. கண்ணு ஒண்ணப் பாத்து விரல் அசைய ஆளுக்கு சுமார் கால் செகண்ட் ஆவும், 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல, அதாவது செகண்டுக்கு 60 படம் மாத்துத ஸ்கிரீன்ல, அதுக்குள்ள 15 ஃபிரேம் (படம்) ஓடிரும். நகம் வெளிய வந்த பொறவு விட்டா என்ன விடாட்டி என்ன, சோலி முடிஞ்சுட்டு. அதனால சீப்பைப் பாக்காதீங்க, அது எங்க போவுதுன்னு கைக்கே தெரியும். காதுக்கும் வாலுக்கும் நடுவுல எங்கயாவது கண்ண நிறுத்துங்க, ஓரக்கண்ணுக்கு அசைவு நல்லாவே தெரியும்.

என்ன தெரியணும்னு கேட்டா, நெசப் பூனை காட்டுததுதான். மொதல்ல வால் நுனி மட்டும் துடிக்கும், இது சும்மா எச்சரிக்கை, இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாம். காது பக்கவாட்டுல திரும்பிட்டா சீப்பை எடுத்துரணும். முழு வாலும் அடிச்சு, முதுகுத் தோல் சிலிர்த்து, கண்ணுப்பாப்பா பெருசாச்சுன்னா நீங்க ஏற்கெனவே லேட். சில கேம்ல வேணும்னே பொய்யா வாலை ஆட்டி உங்கள விட வச்சு காம்போவை, அதான் விடாம சீவிச் சேத்த தொடர் ஸ்கோரை, உடைக்கும், சவம், அதுக்குதான் வால் ஒண்ண மட்டும் நம்பாம காதையும் சேத்துப் பாக்கச் சொல்லுதேன். நீளமா ஒரே இழுப்பு வேண்டாம், சின்னச் சின்னதா இழுங்க. ஸ்கோர் ரெண்டு மடங்கு ஆவும்போது வருத ஆசையிலதான் முக்காவாசி பேரு அடி வாங்குதாவ.

சவுண்டை ஆஃப் பண்ணிராதீங்க. உறுமல் சத்தத்துக்கு நம்ம கை கண்ணை விட கொஞ்சம் வெரசாவே அசையும். ஆனா புளூடூத் ஹெட்செட் வேண்டாம், அதுல சத்தம் 100 மில்லிசெகண்டுக்கு மேலயும் தாமதமா வரும், ஒயர் உள்ளத மாட்டுங்க.

போன்ல ஆடுதவங்களுக்கு வேற தொல்லை. மேலருந்து கீழ சீவினா சில பிரவுசர்ல பேஜே ரெஃப்ரெஷ் ஆயிரும், ஏறின ஸ்கோர் எல்லாம் காத்தோட போயிரும், அதனால பக்கவாட்டுல சீவுங்க. பவர் சேவர் போட்டிருந்தா ஃபிரேம் குறையும், அத அணைச்சிருங்க. அப்புறம் நம்மூரு சித்திரை வெயில், மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்னுட்டுன்னா விரல் வேர்த்து டச் தாறுமாறா ஓடும், பக்கத்துல ஒரு துண்டு வச்சுக்கிடுங்க. நெட் ஸ்லோன்னு மட்டும் பழி போடாதீங்க, தனியா ஆடுத இந்த மாதிரி கேம் ஒருக்க லோடு ஆயிட்டுன்னா பொறவு பெரும்பாலும் உங்க மெஷின்லதான் ஓடும்.

இத ஆடிட்டு, தெருவுல மீன்காரம்மா பின்னாலயே போற பூனைகிட்ட சீப்ப தூக்கிட்டுப் போற கோட்டித்தனமும் நடக்கு. கன்னமும் தாடையும் தொட்டா பெரும்பாலும் ஒத்துக்கிடும், வயித்துப் பக்கம் கையே வைக்காதீங்க. பிராண்டிட்டுன்னா சோப்பு போட்டு ஓடுத தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பு ஊசி அங்க இலவசம்தான்.