டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக்: எங்கே தவறு செய்கிறோம்?

மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்ல அழுத்தி மிதிக்கும்போதும் மட்டும் வண்டி விக்கும். மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாது. டர்போ கார் வைத்திருப்பவர்கள் பலர் இந்தத் தொல்லைக்காக எரிபொருள் பம்ப், காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் கை வைப்பது ஸ்பார்க் பிளக்கில்தான். அதைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் பிளக் புதிதாகவே இருக்கும், ஆனால் அந்த எஞ்சினுக்கு உரியதாக இருக்காது.

டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதனால் சிலிண்டருக்குள் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. எரியும் கலவை கூடுவதால் வெப்பம் கூடுகிறது. அழுத்தம் கூடுவதால் பிளக்கின் தீப்பொறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. பிளக் வாங்கும்போது எல்லோரும் பொறியைப் பற்றியே கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது சூட்டை. டர்போ எஞ்சினைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஒவ்வொரு பிளக்குக்கும் ஹீட் ரேஞ்ச் என்று ஒரு எண் உண்டு. தன் நுனியில் சேரும் வெப்பத்தைப் பிளக் எவ்வளவு வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்துகிறது என்பதையே அது சொல்கிறது. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற நேரமாகும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சீக்கிரம் வெளியேறிவிடும். அது கோல்டு பிளக். நுனி சுமார் 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850 டிகிரியைத் தாண்டிப் போகப் போக, பொறி வருவதற்கு முன்பே நுனியின் சூடு கலவையைப் பற்றவைத்துவிடும் அபாயம் வருகிறது. பிரீ-இக்னிஷன் என்பது இதுதான். பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதுவரை இது கொண்டுபோய்விடும்.

இங்கேதான் எண்கள் ஆளை ஏமாற்றும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏற பிளக் கோல்டாகும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் தலைகீழ்: எண் ஏற ஏற ஹாட்டாகும். ஒரே திசையில் போகும் என்ஜிகேவுக்கும் டென்சோவுக்கும்கூட எண் ஒன்றல்ல. என்ஜிகேயின் 6, 7, 8 எண்களுக்கு டென்சோவில் ஏறக்குறைய 20, 22, 24 வரும். ஆக, ஒரு நிறுவனத்தின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளக்கை எடுத்தால், கோல்டு என்று நினைத்து ஹாட் பிளக்கை மாட்டிவிடுவோம். நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால், புதிய நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் எஞ்சின் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். காரின் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் டர்போ உள்ளதும் இல்லாததுமாக இரண்டு எஞ்சின்கள் இருக்கலாம். இரண்டின் பிளக்கும் நூலில், அதாவது திருகு மரையில், ஒரே மாதிரி பொருந்திவிடவும் கூடும்.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. ‘டர்போ என்றால் கோல்டு பிளக்தான் நல்லது’ என்று கேள்விப்பட்டு, எந்த மாற்றமும் செய்யாத வண்டிக்கு ஒரு படி கோல்டு பிளக்கைப் போடுகிறார்கள். உங்கள் எஞ்சினில் டர்போ இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தயாரிப்பாளர் அந்தப் பிளக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதற்கு மேலும் ஒரு படி இறங்கினால், தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் பிளக் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கரி படியும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒரு படி இறங்கினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை குறையும், சின்ன மாற்றமில்லை. டியூன் செய்து பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டியவர்களுக்குத்தான் கோல்டு பிளக் வேலை. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பது என்ஜிகே தரும் பொதுக் கணக்கு.

சரி, அடுத்து கேப். பொறி தாவ வேண்டிய இடைவெளி இது. டர்போ இல்லாத பல எஞ்சின்களில் 1 மில்லிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். டர்போவில் 0.7, 0.8 என்று குறைவாக வைப்பார்கள். பூஸ்ட் ஏறியதும் அகலமான கேப்பில் பொறி அணைந்துபோகும். தொடக்கத்தில் சொன்ன விக்கல் இதுதான். அதோடு, அந்த இடைவெளியைத் தாண்ட ஒவ்வொரு முறையும் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில் தன் சக்திக்கு மீறி உழைத்துச் சீக்கிரம் பழுதாகும். பெட்டியிலேயே கேப் சரியாக வைத்துத்தான் வரும் என்று நம்பி அப்படியே மாட்டாதீர்கள். ஒரே பிளக் பல எஞ்சின்களுக்கு விற்கப்படுகிறது; போதாக்குறைக்கு, வழியில் கீழே விழுந்திருந்தாலும் மாறியிருக்கும். கம்பி வகை அளவுகோலால் அளந்து பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் வெளிப்பக்க எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளையுங்கள். இரிடியம் பிளக்கின் நடுமுனை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன்மேல் எதையும் ஊன்றி நெம்பினால் அங்கேயே உடையும்.

இரிடியம் போட்டால் பவர் கூடும் என்று நினைத்துச் செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும்; நிக்கல் 1,455-லேயே உருகிவிடும். அதனால் மெல்லிய முனையாக இருந்தும் இரிடியம் நெடுநாள் தேயாது. மெல்லிய முனையிலிருந்து பொறி எளிதாகத் தாவும். லாபம் அவ்வளவே. அது பெரிய லாபம்தான், ஆனால் ஹீட் ரேஞ்ச் தவறாக இருந்தால் இரிடியத்தால் பயனில்லை. ‘காப்பர் பிளக்’ என்ற பெயரும் குழப்பும். அதன் முனை நிக்கல் கலவை, செம்பு உள்ளே இருக்கிறது. செம்பு மையம் பெரும்பாலான இரிடியம் பிளக்குகளிலும் உண்டு.

நூலின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கலாம், குறைந்தால் எஞ்சின் தலையின் நூலில் கரி அடைக்கும். டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அங்கே இருப்பது குளோ பிளக், அதன் வேலை வேறு.

சரியான பிளக்கை வாங்கிவிட்டுத் தளர்வாக மாட்டுவது, என்னைக் கேட்டால், தவறான பிளக்கை வாங்குவதற்குச் சமம். வெப்பம் வெளியேறுவது நூல் வழியாகவும் வாஷர் உட்காரும் இடம் வழியாகவும்தான். அங்கே பிடிப்பு இல்லையென்றால் கோல்டு பிளக்கும் ஹாட் பிளக்காகிவிடும். 14 மில்லிமீட்டர் நூலும் வாஷரும் உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 என்பது பொதுவான அளவு. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் பலம் போட்டு முறுக்கினால் அலுமினியத் தலையின் நூல் போய்விடும். எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். பூச்சுள்ள பிளக்கின் நூலில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் ரெஞ்ச் காட்டும் அளவைவிட இறுக்கம் கூடிவிடும்.

கழற்றிய பிளக்குகளை உடனே வீசாமல் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வையுங்கள். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி இருந்தால் பிளக் மிகவும் கோல்டு, அல்லது எரிபொருள் கூடுதல். எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். பீங்கான் வெளுத்துக் கொப்பளித்தோ எலக்ட்ரோடு உருகியோ இருந்தால் புதியதை மாட்டி ஓட்டிவிடாதீர்கள். பிளக் ஹாட்டாக இருந்ததா, கலவையில் எரிபொருள் குறைந்ததா, பூஸ்ட் அளவு மீறியதா என்று கண்டுபிடிக்கும்வரை அந்த எஞ்சினை அழுத்தி மிதிக்க வேண்டாம்.