ரிமோட்டில் இணைந்தும் மேக்கில் வால்பேப்பர் மட்டும் தெரிகிறதா? அனுமதிகளைச் சரிசெய்யும் முறை

தூரத்திலிருந்து இன்னொருவர் கணினியைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியில் அவர்கள் எண்ணை வாங்கிப் போட்டாயிற்று, அந்தப் பக்கம் 'அக்செப்ட்' அழுத்தியாயிற்று, இணைப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் உங்களுக்குத் தெரிவது அவர்களுடைய மேக்கின் வால்பேப்பரும் மேலே மெனு பட்டையும்தான். அவர்களோ "இங்க சஃபாரி திறந்துதானே இருக்கு, தெரியலையா?" என்கிறார்கள்.

இணையத்திலும் கோளாறு இல்லை, செயலியிலும் இல்லை. 2019-இல் வந்த கேட்டலினா (மேக் இயங்குதளத்தின் 10.15 பதிப்பு) முதல், கணினிக்காரர் தானே அனுமதி கொடுக்காவிட்டால், ஒரு செயலிக்கு மற்றச் செயலிகளின் ஜன்னல்களை மேக் காட்டாது. டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், ஜூமில் திரையைப் பகிர்வது என எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இந்த அனுமதியை நீங்கள் தூரத்திலிருந்து போட்டுக்கொள்ளவும் முடியாது. மௌஸை நகர்த்துவதற்கே தனி அனுமதி வேண்டும் என்பதால், மேக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் செய்தாக வேண்டும். ஆகவே முதல் பதினைந்து நிமிட வேலை போனில்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இவையெல்லாம் உதவி பெறுபவரின் மேக்கில் செய்ய வேண்டியவை. பலர் தங்கள் கணினியில் எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறார்கள்.

எது தடுக்கிறது என்று பார்ப்பது

வால்பேப்பர் மட்டும் தெரிந்தால், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி இல்லை. புதிய பதிப்புகளில் அதன் பெயர் 'ஸ்க்ரீன் அண்ட் சிஸ்டம் ஆடியோ ரெக்கார்டிங்'. எல்லாம் தெரிகிறது, ஆனால் நீங்கள் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை, டைப் செய்தால் எழுத்து ஏறவில்லை என்றால் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி இல்லை. பார்வையும் கட்டுப்பாடும் சரியாக இருந்து, ஃபைல் மாற்றும்போது மட்டும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்கள் திறக்க மறுத்தால் அது 'ஃபுல் டிஸ்க் அக்சஸ்' தொடர்பானது. ஒரே வீட்டு வைஃபையில் இருந்தும் நேரடியாக இணைய முடியாமல், அந்த மேக்கில் செகோயா (15) இருந்தால், 'லோக்கல் நெட்வொர்க்' பகுதியைப் பாருங்கள். அந்தப் பதிப்பில் புதிதாக வந்த தடை அது.

அனுமதி கொடுக்கும் வரிசை

வரிசை முக்கியம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கொடுத்ததும் செயலியை மூடித் திறக்க வேண்டியிருக்கும், இணைப்பு அறுந்துபோகும். அதனால் அக்சஸிபிலிட்டியை முதலில் முடித்துவிட்டு, ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைக் கடைசியில் வைத்தால் ஒரே ஒரு முறை மூடித் திறந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். அந்த மேக்கின் அட்மின் பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, செயலி 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். பதிவிறக்கிய டிஎம்ஜி (செயலி அடங்கிய நிறுவல் ஃபைல்) ஜன்னலில் இருந்தோ டவுன்லோட்ஸில் இருந்தோ அப்படியே ஓடவிட்டால், மேக் அதை ஒவ்வொரு முறையும் ஒரு தற்காலிக இடத்திலிருந்து ஓட்டக்கூடும். அப்போது கொடுத்த அனுமதி அடுத்த முறை ஒட்டாது. 'டிஎம்ஜி-யைத் திறந்து, ஐகானை அப்ளிகேஷன்ஸ் மேல் இழுத்துப் போட்டு, அங்கிருந்து திறக்கணும்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போனில் வழி சொல்வதைவிட வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு, பின்பக்கக் கேமராவை மேக் திரையின் பக்கம் திருப்பச் சொன்னால் பாதி நேரம் மிச்சம். பிறகு:

1. "அப்பா, இடது பக்கம் மேல் மூலையில ஆப்பிள் படம் இருக்கா? அதை அமுக்குங்க. சிஸ்டம் செட்டிங்ஸ்னு வரும்." உள்ளே இடப்பக்கப் பட்டியலில் கீழே இறங்கினால் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'. வென்ச்சுராவுக்கு (13, 2022) முந்தைய மேக் என்றால் 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்', அதில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி', அதில் 'பிரைவசி' டேப். அங்கே இடது கீழ் மூலையில் உள்ள பூட்டுப் படத்தை அமுக்கி பாஸ்வேர்ட் போட்டால்தான் டிக் விழும். பழைய மேக்கில் "டிக் போட முடியல" என்று சொன்னால் பெரும்பாலும் இந்தப் பூட்டுதான் காரணம்.

2. 'அக்சஸிபிலிட்டி'யைத் திறந்து செயலியின் பெயருக்கு எதிரே உள்ள சுவிட்சை ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும். பட்டியலில் பெயரே இல்லையென்றால் கீழே உள்ள கூட்டல் குறியை அமுக்கி, அப்ளிகேஷன்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

3. ஒரு படி பின்னால் வந்து ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பகுதியில் அதே போல. 'குவிட் அண்ட் ரீஓப்பன்' என்று கேட்டால் அதையே அமுக்கச் சொல்லுங்கள். 'லேட்டர்' கொடுத்தால் திரும்பவும் வால்பேப்பர்தான்.

4. அந்தக் கேள்வி வரவில்லையென்றால் செயலியைக் கைமுறையாக மூட வேண்டும். ஜன்னலின் சிவப்புப் பொத்தான் செயலியை மூடாது, ஜன்னலை மட்டும்தான் மறைக்கும். கமாண்ட் விசையோடு க்யூ அமுக்க வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது: எல்லாம் சரியாகச் செய்திருப்பார்கள், பழைய நிலையிலேயே செயலி ஓடிக்கொண்டிருக்கும்.

மறுபடி திறந்ததும் இணையுங்கள். டீம்வியூவர் குவிக்சப்போர்ட் (உதவி பெறுபவருக்கான டீம்வியூவரின் சிறு செயலி) என்றால் பாஸ்வேர்ட் மாறியிருக்கும், புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்ச் ஆனில் இருந்தும் வேலை செய்யாதபோது

செயலி அப்டேட் ஆன பிறகோ, இரண்டு பிரதிகள் கிடக்கும்போதோ இது வரும். மேக் பெயரைப் பார்த்து அனுமதிப்பதில்லை. அந்தச் செயலியின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சேர்த்துத்தான் பதிவு செய்கிறது. பட்டியலில் பழைய பதிவு ஆனில் நிற்கும், ஓடுவதோ வேறொன்று. சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்வது சில சமயம்தான் பலிக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து, கழித்தல் குறியால் முழுதாக நீக்கி, கூட்டல் குறியால் அப்ளிகேஷன்ஸில் உள்ள பிரதியைச் சேர்ப்பதுதான் உறுதியான வழி. இரண்டு பகுதிகளிலும் செய்யுங்கள்.

ஆள் இல்லாத நேரத்தில் இணைய ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்களுக்கு செகோயாவில் இன்னொரு தொல்லை. இந்தச் செயலி திரையைப் பார்க்க இன்னும் அனுமதிக்கிறீர்களா என்று அவ்வப்போது கேட்கும். 'அலவ் ஃபார் ஒன் மன்த்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்க அங்கே ஆள் இல்லையென்றால் மாட்டிக்கொள்வீர்கள். தூரத்திலிருந்து ரீஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. ஃபைல்வால்ட் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் மேக்கின் மறையாக்க வசதி) ஆனில் இருந்தால், யாராவது பாஸ்வேர்ட் போட்டு டிஸ்க்கைத் திறக்கும்வரை உங்கள் ரிமோட் செயலி எழவே எழாது.

அலுவலக மேக் என்றால் வழி வேறு. அட்மின் அல்லாதவரால் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் சுவிட்சைத் தொட முடியாது. எம்டிஎம் (அலுவலகக் கணினிகளை மையமாக நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்திருக்கும் ஐடி குழு அக்சஸிபிலிட்டியைத் தாமாகவே கொடுத்துவிடலாம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை அப்படிக் கொடுக்க ஆப்பிள் விடுவதில்லை. சாதாரணப் பயனரே ஆன் செய்துகொள்ளலாம் என்று தளர்த்த மட்டும்தான் முடியும். கடைசி கிளிக் எப்படியும் உட்கார்ந்திருப்பவருடையதுதான்.

இரு பக்கமும் மேக் என்றால் இத்தனையும் தேவையில்லாமலே போகலாம். இருவரும் ஆப்பிள் கணக்கில் இருந்தால் மெசேஜஸ் செயலியிலிருந்தே திரையைப் பகிர அழைக்கலாம். அது மேக்கோடு வரும் வசதி என்பதால் இந்தப் பட்டியல்களுக்குள் போக வேண்டியதில்லை.

எதைக் கொடுக்கக் கூடாது

செயலி முதல் திறப்பிலேயே மூன்று நான்கு அனுமதிகளை வரிசையாகக் கேட்கும். பிரிண்டரைச் சரிசெய்ய, மெயிலை அமைத்துக் கொடுக்க, அக்சஸிபிலிட்டி, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இரண்டே போதும். ஃபுல் டிஸ்க் அக்சஸ் கொடுத்தால் மெயில், மெசேஜ், பேக்கப் எல்லாம் அந்தச் செயலிக்குத் திறந்துவிடும். ஃபைல் மாற்றும் வேலை இருந்தால் மட்டும், அதுவும் வேலை முடியும்வரை மட்டும் கொடுங்கள். பேசுவது போனில்தானே, மைக்ரோபோன் எதற்கு?

இந்தத் தடைகள் எரிச்சலூட்டினாலும், பெற்றோரிடம் இவற்றைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும்போது எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள். எனிடெஸ்க் மூலம் யுபிஐ கணக்குகளில் பணம் திருடப்படுவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. வங்கி, கேஒய்சி, மின்கட்டணம் என்று யார் கூப்பிட்டு இதே சுவிட்சுகளை ஆன் செய்யச் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் இரண்டு சுவிட்சுகளையும் ஆஃப் செய்யுங்கள், செயலியை விட்டுவைத்தாலும் பரவாயில்லை. அன்அட்டெண்டட் அக்சஸ் (ஆள் இல்லாத நேரத்திலும் இணைவதற்கான) பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அதையும் அழியுங்கள். ஆஃப் செய்யும் வேலையை உங்கள் பக்கத்திலிருந்தே செய்யப் பார்த்தால், அக்சஸிபிலிட்டி போனதும் அடுத்த கிளிக் விழாது. அதனால் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஆஃப் செய்யும் முன் அக்சஸிபிலிட்டியை ஆஃப் செய்ய வேண்டாம். அதைவிட, இரண்டையும் அவர்களையே போனில் செய்யச் சொல்லிவிடுங்கள்.