"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றால் பக் (மென்பொருள் பிழை) சின்னதாகிவிடுமா?

2021 கடைசியில் அமெரிக்காவில் ஒருவர், பாட்டிக்குப் பக்கவாதம் போலத் தெரிகிறதே என்று பதறி கூகுளின் பிக்சல் 3 போனில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினார். ஒருமுறை மணி அடித்தது, அப்புறம் போன் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பை ஏற்றிவிட்டு லாகின் செய்யாமல் விட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 10-உம் அதற்குப் பிந்தையதும் ஓடும் சில போன்களில் இப்படி ஆகலாம் என்று பிறகு தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்து வந்த புகார் இது ஒன்றுதான் என்றது கூகுள்.

ஒரே புகார்தானே, சின்ன விஷயம் என்று இதை ஒதுக்குவதுதான் பக் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் பெரிய தவறு. எத்தனை பேருக்கு வந்தது என்பது ஒரு கேள்வி, வந்தவருக்கு என்ன போகும் என்பது வேறு கேள்வி. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அடித்துப் பேசுகிறவர் போனில் அந்த ஆப்பே இருக்காது, ஆனாலும் பேசுவார்.

எண்ணிக்கையைப் பார்த்து அலறுவது இதற்கு நேர்மாறான தவறு. 2015-இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது 95 கோடி ஆண்ட்ராய்டு போன்கள் என்று தலைப்பு ஓடியது. ஓட்டை நிஜம், ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், போனுக்குள் புகுந்துவிடலாம் என்பதும் நிஜம். ஆனால் 95 கோடி என்பது ஓட்டை இருந்த போன்களின் கணக்கு, யாரும் உள்ளே புகுந்துவிட்ட போன்களின் கணக்கு அல்ல; எல்லோரும் பயந்த அளவுக்குப் பெரிய தாக்குதலும் வரவில்லை. ஒரு நல்லது நடந்தது: கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் தரத் தொடங்கியது அப்போதுதான்.

"அப்படியெல்லாம் யார் செய்யப் போகிறார்கள்?" என்பது இன்னொரு சறுக்கல். 2016 பிப்ரவரியில், ஐபோனில் தேதியை 1970 ஜனவரி 1-க்கு மாற்றி அணைத்துப் போட்டால் போன் திரும்ப எழவே எழாது என்று தெரியவந்தது. யார் வைப்பார்கள் அந்தத் தேதியை? வைத்தார்கள். அப்படி வைத்தால் பழைய ஆப்பிள் லோகோ வரும் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி வைத்தார்கள். ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 9.3 பதிப்பில் ஆப்பிள் இதைச் சரிசெய்தது. நம்மூரில் ஃபார்வர்டு மெசேஜ் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியையே கேட்க மாட்டார்கள்.

2018-இல் ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு மெசேஜில் வந்தாலே ஐபோன் ஆப்கள் விழுந்தன. நமக்குத் தெலுங்கு தெரியாதே என்று சிலர் சிரித்தார்கள். அனுப்புகிறவன் அதைக் காப்பி பேஸ்ட் செய்தால் போதும், வாங்குகிறவருக்குத் தெலுங்கு எதற்கு? தன் போனில் தானே வரவழைத்தால்தான் வரும் பக்கும், ஊர்பேர் தெரியாத எவனோ தூரத்திலிருந்து வரவழைக்கக்கூடிய பக்கும் ஒன்றல்ல. ஐகான் கோணலாக இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போடும் நாம், இந்த வித்தியாசத்தை மட்டும் கேட்பதே இல்லை.