வாளை உடைத்தால் புள்ளி திரும்ப வரும்: மைன்கிராஃப்ட் டன்ஜன்ஸில் பில்டு போட்டுப் பழகுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால், சோறு வேகும் முன்பே அக்கா மகன் நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சியில் மாட்டிவிடுவான். தொடக்கநிலை ஐந்து படிக்கிறான். "மாமா, இன்னும் அதே பழைய வாளா?" என்பதுதான் அவன் என்னை வரவேற்கும் விதம். மூன்று மாதம் அவனிடம் ஏச்சு வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைன்கிராஃப்ட் டன்ஜன்ஸ் 2020 மே மாதம் வந்த வீடியோ விளையாட்டு. ஒரே சமயத்தில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். போர்வீரன், மந்திரவாதி என்று முதலிலேயே ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. நீங்கள் மாட்டியிருப்பதுதான் நீங்கள்: அருகில் நின்று அடிக்க ஓர் ஆயுதம், தூரத்திலிருந்து எய்ய ஒரு வில், ஒரு கவசம், பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் மந்திரப் பொருளான ஆர்ட்டிஃபேக்ட் மூன்று. இந்த ஆறையும் மாற்றினால் ஆளே மாறிவிடுவார். பில்டு என்பது அவ்வளவுதான்.

முதலில் புள்ளிக் கணக்கு

ஒரு நிலை ஏறினால் ஒரு என்சான்ட்மென்ட் புள்ளி, அதாவது பொருளில் மந்திரம் ஏற்றும் புள்ளி, கிடைக்கும். அதை வாள், வில், கவசம் எதில் வேண்டுமானாலும் போடலாம். ஒவ்வொரு மந்திரத்துக்கும் மூன்று படி. சாதாரண மந்திரம் என்றால் 1, 2, 3 என்று மொத்தம் 6 புள்ளி. சக்தி வாய்ந்தது என்றால் 2, 3, 4 என்று மொத்தம் 9. புதிதாக வருபவர்கள் எல்லாப் பொருளிலும் ஒவ்வொரு புள்ளியாகத் தூவுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எதிலுமே வித்தியாசம் தெரியாது. ஒரே பொருளில் ஒரே மந்திரத்தை மூன்றாம் படி வரை ஏற்றுங்கள்.

போட்டது பிடிக்கவில்லையா? பொருளை உடைத்துவிடுங்கள். போட்ட புள்ளி அத்தனையும் திரும்ப வரும், கூடவே கொஞ்சம் மரகதமும் கிடைக்கும். ஆனால் பொருள் போனது போனதுதான். ஒரு நாள் மைலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பழைய வில் என்று நினைத்துப் புது வில்லை உடைத்துவிட்டேன். புள்ளி பத்திரமாக வந்து சேர்ந்தது. மருமகன் பத்து நிமிடம் என்னோடு பேசவில்லை. அதனால் சோதனைக்கு மனதுக்குப் பிடித்த பொருளை எடுக்காதீர்கள். போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடியதில் போட்டுப் பாருங்கள்.

ஒரே இடம், ஒரே மாற்றம்

ஏதாவது ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பம்ப்கின் பாஸ்சர்ஸ். கடின அளவையும் மாற்றாதீர்கள். அப்புறம் ஆறில் ஒன்றை மட்டும் மாற்றி ஆடுங்கள். வாளையும் கவசத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு "இப்போது நன்றாக இருக்கிறது" என்றால், எதனால் என்று யாருக்குத் தெரியும்? பொருளின் பவர் எண்ணையும் பாருங்கள். எண் பெரிய வாள் எப்படியும் ஓங்கி அடிக்கும். அது மந்திரத்தின் வேலை இல்லை.

நேரத்தை வைத்து ஒப்பிடுவது சரிவராது, ஏனென்றால் பாதைகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நாங்கள் உயிரை ஏற்றும் மருந்தை எத்தனை முறை குடித்தோம் என்று எண்ணுகிறோம். மருந்து தீராது, குடித்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடி தயாராகிவிடும். அதனால் எண்ணுவது சுலபம். மருமகன் கணக்குப் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போடுவான். வாளில் அடியைக் கூட்டும் ஷார்ப்னஸ் மந்திரம் இருந்தபோது அவன் போட்ட கோடுகள், லீச்சிங் மந்திரம் போட்டதும் ஏறக்குறைய பாதியாகின.

லீச்சிங்கைப் பற்றி இன்னொரு விஷயம். எதிரி செத்தால்தான் அதன் உயிரில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். கூட்டத்துக்குள் புகுந்தால் அமிர்தம். ஒரே ஒரு பெரிய எதிரியோடு மல்லுக்கட்டும்போது, அது சாகும் வரை ஒன்றுமே வராது. அங்கே மருந்துதான் கதி.

ஒன்றுக்கொன்று தீனி போடட்டும்

கரப்டட் பீக்கன் என்று ஓர் ஆர்ட்டிஃபேக்ட், கையிலிருந்து ஒளிக்கற்றையைப் பாய்ச்சும். ஆசையாக மாட்டினேன், பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. செத்த எதிரிகளிடமிருந்து சேரும் ஆன்மாவில்தான் அது ஓடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆன்மாவைக் கூடுதலாகச் சேர்க்கும் சோல் நைஃப் போன்ற ஆயுதத்தோடு மாட்டினால் இரண்டும் உருப்படும். ஆர்ட்டிஃபேக்டை நம்பியே ஆடுவதென்றால் எவொகேஷன் ரோப் என்ற கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்ட்டிஃபேக்ட்கள் மறுபடி தயாராகும் நேரம் 40 விழுக்காடு குறையும்.

கூட ஆடுபவரையும் கணக்கில் சேருங்கள்

ஆள் கூடினால் எதிரிகளும் கூடுவார்கள். அதனால் தனியாக ஆடியதையும் சேர்ந்து ஆடியதையும் ஒப்பிடாதீர்கள்.

நான் டோட்டம் ஆஃப் ரீஜெனரேஷன் என்ற ஆர்ட்டிஃபேக்டை வைத்து மருமகனைக் காப்பாற்றும் பில்டு ஒன்று போட்டேன். அதை நட்டால் சுற்றி ஒரு வட்டம் வரும், உள்ளே நிற்பவருக்கு உயிர் ஏறும். காகிதத்தில் அருமையான திட்டம். அந்தப் பையன் ஓர் இடத்தில் நின்றால்தானே!

"டேய், வட்டத்துக்குள்ள வாடா!"

"மாமா, எதிரி அங்க இருக்கு, நான் இங்க நின்னு என்ன பண்றது?"

அவன் கேட்டதும் நியாயம்தான். டோட்டத்தைக் கழற்றிவிட்டு, ஹீல் அலைஸ் மந்திரம் வரும் கவசத்துக்கு மாறினேன். எனக்கு உயிர் ஏறும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் ஏறும். இப்போது அவன் நிற்கத் தேவையில்லை, நான்தான் மூச்சிரைக்க அவன் பின்னால் ஓடுகிறேன். அடுத்த ஞாயிறு கால் வேகத்தைக் கூட்டும் பூட்ஸ் ஆஃப் ஸ்விஃப்ட்னஸை மாட்டிப் பார்க்கப் போகிறேன். அது ஒன்றை மட்டும்தான்.