டே கேர் தொடங்குகிறீர்களா? அனுபவமுள்ள ஆட்களை எடுப்பது எப்படி (கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு)

கட்டடம், பெயிண்ட், பொம்மை எல்லாம் பணம் இருந்தால் நடந்துவிடும். ஆள் எடுப்பது அப்படியல்ல. கடலூர் செம்மண்டலம் பக்கம் எங்கள் டே கேரைத் தொடங்கியபோது என்னை அதிகம் அலையவிட்டது இந்த வேலைதான். இப்போது ஆரம்பிப்பவர்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பதிவு, தீயணைப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எத்தனை பேர் வேண்டும்?

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவர், 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. அதற்குக் கீழே போகவே கூடாது. ஆனால் அதையே இலக்காகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்துச் சின்னக் குழந்தைகளைப் பார்க்கும் ஒரே ஆள் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றப் போனால், மற்ற ஒன்பது பேரை யார் பார்ப்பது? அதனால் எத்தனை குழந்தைகள் இருந்தாலும் அறைக்கு இரண்டு பேர் என்பதே என் கணக்கு. சமையல், துப்புரவு வேலைக்கு எடுப்பவரை இதில் சேர்க்கவே கூடாது.

படி 2: எந்த அனுபவம்?

விண்ணப்பத்தில் எட்டு வருட அனுபவம் என்று இருக்கும். விசாரித்தால் எட்டு வருடமும் எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தவராக இருப்பார். நல்ல ஆசிரியைதான், நான்கு வயதுக்கு அருமையாகப் பொருந்துவார். ஆனால் அம்மாவைப் பிரிந்து முதல் வாரம் அழுதுகொண்டே இருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையைச் சமாளித்த அனுபவம் அவருக்கு இருக்காது. சிறு குழந்தைகளுக்கு நான் முதலில் தேடுவது மூன்று வகை ஆட்களை: வேறு காப்பகத்தில் வேலை பார்த்தவர், அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தவர். வார்டில் இருந்தவர்களுக்குக் கை கழுவும் பழக்கம் ஊறிப்போயிருக்கும், காய்ச்சலைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

மாண்டிசோரி டிப்ளமோ இருந்தால் நல்லது. ஆனால் டிப்ளமோவையும் அனுபவத்தையும் ஒரே ஆளிடம் தேடிக்கொண்டிருந்தால் நாள் ஓடிவிடும். படித்தவர் ஒருவர், கைப்பழக்கம் உள்ளவர் ஒருவர் என்று ஜோடியாக எடுங்கள்.

படி 3: எங்கே, எப்போது தேடுவது?

வேலைவாய்ப்பு இணையதளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊரில் இந்த வேலை பார்க்கும் பெண்களில் பெரும்பாலானவர்கள் அங்கே இல்லை. தமிழ் நாளிதழின் புதுச்சேரி பதிப்பில் ஒரு வரி விளம்பரம், குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் அனுமதி கேட்டு ஒட்டிய ஒரு நோட்டீஸ், மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெரிந்த நாலு பேரிடம் வாய்ச்சொல், இவ்வளவும் போதும். நோட்டீஸில் சம்பளத்தை எழுதிவிடுங்கள். "சம்பளம் நேரில்" என்று போட்டால் நல்ல அனுபவம் உள்ளவர் பேருந்துச் செலவு செய்து வரமாட்டார்.

காலமும் முக்கியம். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில். பிப்ரவரி, மார்ச்சிலேயே பேசி வைத்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் கிடைப்பார்கள்.

படி 4: பழைய இடத்தில் விசாரிப்பது

எனக்கு அதிகம் இழுத்த படி இது. போன் செய்து "எப்படிம்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல பொண்ணுங்க" என்றே சொல்வார்கள். அடுத்தவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்ற எண்ணம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கேள்வியை மாற்றிய பிறகுதான் எனக்கு விஷயம் வெளியே வந்தது. இப்போது இந்த வரிசையில் கேட்கிறேன்:

எந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்தார்? ஒரே நேரத்தில் எத்தனை பேர்? கூட யார் இருந்தார்கள், அல்லது தனியாகவா? குழந்தை சாப்பிட மறுத்தால் என்ன செய்வார்? காலையில் எத்தனை மணிக்கு வருவார்? கடைசியாக, "நாளைக்கே அவர் திரும்பி வந்து வேலை கேட்டால் சேர்த்துக்கொள்வீர்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு "கண்டிப்பா" என்று உடனே பதில் வந்தால் பாதிக் கவலை போய்விடும். இழுத்து, யோசித்து, "இப்ப எங்ககிட்ட இடமில்லையே" என்று வந்தால் மேலும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். முடிந்தால் நேரிலேயே போய்விடுங்கள். போனில் சொல்லாததை உட்காரவைத்து டீ கொடுத்துச் சொல்வார்கள். முன்பு அவர் பார்த்துக்கொண்ட குழந்தையின் அம்மா ஒருவரிடமும் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு அவருடைய சம்மதம் இல்லாமல் போன் செய்யாதீர்கள். உங்களிடம் வேலை கிடைக்கும் முன்பே இருக்கும் வேலை போய்விடலாம். அதற்கு முந்தைய இடத்தில் கேளுங்கள்.

படி 5: ஒரு கேள்வி, அரை நாள்

நேர்காணலில் நான் தவறாமல் கேட்பது: "இரண்டு வயதுக் குழந்தைக்குத் திராட்சை தொண்டையில் அடைத்துவிட்டது. இருமல் வரவில்லை, சத்தமும் வரவில்லை. என்ன செய்வீர்கள்?"

உச்சந்தலையில் தட்டுவேன், தண்ணீர் கொடுப்பேன், வாய்க்குள் விரல் விட்டு எடுப்பேன் என்ற பதில்கள்தான் அதிகம் வரும். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது இது. மூன்றுமே உதவாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் இன்னும் உள்ளே தள்ளிவிடும். குழந்தையை முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டி, வெளியே வரவில்லை என்றால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது, நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். கூடவே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

பதில் தெரியாதவரை நிராகரிக்க வேண்டியதில்லை. "தெரியாதுங்க, சொல்லிக்கொடுங்க" என்பவரை நான் எடுத்துக்கொள்வேன். தெரியாததைத் தெரியும் என்று அடித்துப் பேசுபவரை எடுக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்ததும் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுங்கள், செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகின்றன.

அப்புறம் அரை நாள், கூலி கொடுத்து, குழந்தைகள் நடுவில் இருக்கச் சொல்லுங்கள். இன்னும் திறக்கவில்லை என்றால் தெரிந்த வீட்டுக் குழந்தைகள் நாலு பேர், அவர்களுடைய அம்மாக்களோடு வந்தால் போதும். ஒரு நிமிடம்கூட அவரைத் தனியாக விடாதீர்கள், இன்னும் காவல்துறை சரிபார்ப்பு முடியவில்லை. குழந்தையிடம் பேசும்போது குனிகிறாரா, உட்காருகிறாரா? ஜட்டியை நனைத்த குழந்தையிடம் முகம் சுளிக்கிறாரா? "பூச்சாண்டி வருவான்", "ஊசி போட்டுருவேன்" என்று சோறு ஊட்டுகிறாரா? பயமுறுத்தி ஊட்டுவதை எத்தனை வருட அனுபவமும் ஈடுகட்டாது என்பது என் உறுதியான கருத்து.

படி 6: காவல்துறை சரிபார்ப்பு

தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரையும் விடாதீர்கள், டிரைவர், வாட்ச்மேன் உட்பட. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

போக்சோ சட்டம் 2012-இன்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. தன் பணியாளர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. இதைப் பணி ஆணையில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 7: சம்பளம், விடுப்பு

அனுபவமுள்ளவர் வேண்டும் என்றால் புதியவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் கேட்காதீர்கள். பணியாளர்கள் பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), இருபது பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நகல் போதும். அப்படிப் பிடித்துவைத்த ஆள் மனமில்லாமல் குழந்தையைத் தூக்குவார்.

முகூர்த்த நாள்களை முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஆவணி, தை மாதங்களில் திருவந்திபுரத்தில் கல்யாணம் இருந்தால் ஒரே நாளில் மூன்று பேர் விடுப்பு கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் வரத் தயாராக இருக்கும் ஒருவரை, சரிபார்ப்பு முடித்து, நாள் கூலிக்குப் பேசி வையுங்கள்.

பின்சேர்க்கை 1: பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து வருபவருக்குச் சரிபார்ப்பை எங்கே செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவருடைய வீடு புதுச்சேரி காவல்துறையின் எல்லையில் இருப்பதால் அங்கேதான் செய்ய வேண்டும். ஆதாரில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி என்றால் இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகி கேட்டது நான் யோசிக்காத விஷயம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எப்படி வேலைக்கு வந்திருப்பார்கள் என்று கேட்டார். அதன்பிறகு ஆள் எடுக்கும்போது ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன். காலையில் கதவைத் திறப்பவரும், அறைக்கு இருவரில் ஒருவரும் நடந்தே வந்துவிடும் தூரத்தில் இருக்க வேண்டும். அக்டோபர் பிறப்பதற்குள் அந்த இருவரிடமும் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும்.