வக்கீல் லிங்கனைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறீர்களா? ஆபிரகாம் லிங்கன்தான் தலைப்பு என்றால், தோல்விமேல் தோல்வி கண்டு கடைசியில் அமெரிக்க ஜனாதிபதியானார் என்று சுற்றும் அந்தத் தோல்விப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 1832 தேர்தலில் அவர் தோற்றது உண்மைதான். ஆனால் 1834, 1836, 1838, 1840 என நான்கு முறை வரிசையாக இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். 1846இல் நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்தார். பட்டியலில் இவை இருக்காது. மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சுற்றும் கடிதமும் வேண்டாம், அதை அவர் எழுதியதற்கு ஆதாரமே இல்லை.

வழக்கே வராத ஏழை வக்கீலாக அவரைக் காட்டுவது அடுத்த தவறு. 1836இல் உரிமம் வாங்கி, மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்தார். சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை, சரி. அந்தப் பகுதியில் அன்றைக்கு வக்கீலானவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படித்தார்கள். அவரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய வழக்குகள் 5,000க்கும் மேல், பாதிக்கு மேல் கடன் பாக்கி விவகாரம். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே ஃபீஸ் தர மறுத்தபோது, தான் வாதாடிக் கொடுத்த கம்பெனி என்றும் பார்க்காமல் வழக்குப் போட்டு 5,000 டாலர் வாங்கினார்!

தொழிலையும் அரசியலையும் தனித்தனியாகச் சொன்னாலும் கதை புரியாது. ஆண்டுக்கு இரண்டு தடவை நீதிபதியும் வக்கீல்களும் வழக்குகளை நடத்த ஒன்றாகக் கிளம்பி, குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போவார்கள். சத்திரத்தில் இடம் போதாமல் ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுப்பார்கள். லிங்கன் கடிதங்களைத் தன் உயரமான தொப்பிக்குள் செருகி வைத்திருப்பார். ஊருக்கு ஊர் அவரைத் தெரிந்தவர்கள் உண்டானது இப்படித்தான். அப்படிக் கூடவே சுற்றிய நீதிபதி டேவிட் டேவிஸ்தான் 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் ஓடியாடி ஆதரவு திரட்டி, அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கினார்.

என்னை மிகவும் உறுத்துவது, அவரைப் பிறவி மகானாக்கும் பேச்சு. 1841இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் விடுதலைக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தார். அதே லிங்கன் 1847இல் ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உரிமையாளரின் பக்கம் நின்றார். தப்பித்துப் போன அடிமைப் பெண் ஜேன் பிரையன்டையும் அவருடைய நான்கு பிள்ளைகளையும் மேட்சன் திரும்பக் கேட்டார். இந்த வழக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். லிங்கன் அதில் தோற்றார். ஜேனும் நான்கு பிள்ளைகளும் விடுதலையானார்கள்.